மஞ்சள்காமாலை என்று சொன்னது

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விட்டேன். எட்டு மணிக்கு இட்லி, பிறகு இரண்டு மாத்திரை. எனக்கு நில அளவையர் வேலை. அன்று விடுமுறை என்பதால், அந்த வாரம் எடுத்த அளவுகளைப் பத்து மணி வரை சரிபார்த்தேன். ஒரு வயலின் மூலை சற்றுப் பிசகியிருந்தது. திங்களன்று மறுபடி அளக்கக் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குக் கீரமங்கலத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, அன்னவாசல் போனேன். என் தங்கை மகள் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. குடும்ப வழியாக வரும் புற்றுநோய் பற்றிய படம் ஒன்றை, ஊர்ப் பெண்களுக்காகப் பள்ளியில் திரையிட ஏற்பாடு செய்திருந்தாள். தங்கை மார்புப் புற்றுநோயில் இறந்து எட்டு வருடம் ஆகிறது. "நீங்க வரணும் மாமா. அம்மாவ நெனச்சுத்தான் போடுறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

முக்கால் மணி நேரப் படம். மார்பில் கட்டியோடு ஒரு பெண், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பிறந்த வீட்டில் வேறு யாருக்காவது இந்த நோய் வந்ததுண்டா என்று டாக்டர் கேட்கிறார். அவள் பக்கத்தில் நிற்கும் மாமியாரைப் பார்க்கிறாள். "இல்லைங்க" என்கிறாள்.

பின்வரிசையில் ஒரு பெண், "கேக்குறது டாக்டரு. இவ மாமியாருக்குல்ல பதில் சொல்றா" என்றார்.

"நீ மட்டும் என்னத்தக் கிழிச்சிருப்ப?" என்றார் பக்கத்திலிருந்தவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா நாற்பத்தொரு வயதில் அதே நோயில்தான் இறந்தார். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொன்னேன். அந்த நோய் இருந்த வீடு என்றால் பெண் எடுக்கத் தயங்குவார்கள். அப்பா இல்லாததால் அண்ணன் நான் சொன்னதே பேச்சானது. தங்கையும் கடைசிவரை அதையே சொன்னாள்.

அவளுக்கு முதலில் கட்டி தெரிந்தபோது நானும் அவள் கணவரும் கூடப் போனோம். டாக்டர் இதே கேள்வியைக் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். "இல்லைங்க" என்று நான்தான் சொன்னேன். சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரிகிறது, ஆறு மாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். பார்த்தோம். அன்றைய டைரியில் டோக்கன் எண் வரை எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சுவர்களில் இந்த நோய் குடும்பத்தில் தொடரலாம் என்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு வரிசையில் நகர்ந்திருக்கிறேன். திரையில் அந்தப் பெண் மாமியார் பக்கம் திரும்பியபோதுதான், தங்கை என் பக்கம் திரும்பியதன் பொருள் எனக்குப் புரிந்தது. என் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

வீட்டில் இருந்த நோயைச் சொன்னால் பிள்ளைகள் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம் என்று படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. மாப்பிள்ளை வாசல் பக்கம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை மகள் என்னருகில் வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

"மாமா, அம்மாச்சிக்கு நெசமாவே மஞ்சக்காமாலதானா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆத்தா. போன்ல பேசுறேன்" என்றேன்.

பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"என்ன மச்சான், இவ்வளவு வெள்ளன? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எங்க அம்மாவுக்கு மஞ்சக்காமால இல்ல மாப்ள. மாருல புத்து. பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்ககிட்டச் சொன்னதும் பொய்யி, டாக்டருகிட்டச் சொன்னதும் பொய்யி."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"புள்ளைய எழுப்புறேன்" என்றார். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க."