ஞானப்பூ டீச்சரின் சொல்லட்டைகள்

வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். படப்பையில் முதல் பேருந்து வந்து நிற்கும் நேரம். எங்கள் பள்ளியில் படித்த கன்னியம்மா இறங்கி என் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அரிசி ஆலைக்குப் போகவேண்டியவளுக்கு இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை?

“டீச்சர், டீச்சரம்மா பூட்டாங்க,” என்றாள். “விடியக்கால மூச்சு நின்னு பூச்சு. உங்களாண்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நானே வண்டி ஏறி வந்தேன்.”

“ஒழுங்கா சொல்லுடி. எந்த டீச்சரம்மா?” என்று அதட்டினேன். தெரிந்துதான் கேட்டேன். வேறு யாருடைய பேரையாவது சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்த டீச்சரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய பேர் தெரிந்தவர்களும் குறைவுதான். பிள்ளைகளுக்கு அவர் டீச்சரம்மா, பெற்றவர்களுக்கும் டீச்சரம்மா, மூன்றாம் வகுப்பு எடுக்கிற எனக்கு அக்கா. ஞானப்பூ என்ற அழகான பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவரை அறிந்த உங்களில் பலர் அதை இங்கேதான் முதல்முறையாகப் பார்ப்பீர்கள்.

எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்க வராத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நாங்கள் அவர்களை மக்கு என்போம், கடைசி வரிசையில் உட்காரவைப்போம். அக்கா அவர்களை மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புங்கமரத்தடியில் கூட்டிவைத்துக்கொள்வார். புடவைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழுச் சொல்லைக் கறுப்பு மையில் எழுதி வைத்திருந்தார். ஆடு, வீடு, மழை, சோறு. எழுத்து எழுத்தாகப் பிரிக்கமாட்டார். அட்டையைக் காட்டுவார், சொல்லுவார், மூடுவார், மண்ணில் விரலால் எழுதிப் பார்க்கச் சொல்லுவார். அவ்வளவுதான்.

“உயிரும் மெய்யும் தெரியாம படிப்பு ஏதுக்கா?” என்று நான் சண்டைக்குப் போவேன்.

“தெரிஞ்ச மொகத்த பாத்தா எழுத்துக்கூட்டியா கூப்புடறோம்? பாத்ததும் பேர் வாயில வந்துடுதில்ல? அந்த மாதிரிதாம்மா,” என்பார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மீதிப் பிள்ளைகளுக்கு எழுத்துதான் வழி என்று இன்றைக்கும் சொல்லுவேன். அக்காவும் அதை மறுத்ததில்லை. அவருடைய கவலையெல்லாம் அந்த வழியில் வரமுடியாதவர்களைப் பற்றித்தான்.

கன்னியம்மா அப்படிப்பட்டவள். இரண்டாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமும் உட்கார்ந்திருந்தாள். கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா முனுசாமி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். “படிப்பு ஏறல டீச்சரம்மா. சும்மா ஒக்காந்துகினு கீது. பொங்கலுக்குள்ள எதுனா படிக்கலன்னா மாடு மேய்க்க வுட்டுருவேன்,” என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை. வீட்டு நிலைமை அப்படி.

புரட்டாசி முழுக்க அக்கா அவளுடன் உட்கார்ந்தார். அட்டையைத் தூக்கினால் போதும், பெண் டக்கென்று சொல்லிவிடும். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானே நம்ப ஆரம்பித்தேன். ஐப்பசி அடைமழையில் ஓட்டுக்கூரை ஒழுகி அட்டைகள் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். மழை விட்ட பிறகு தலைமையாசிரியர் முன்னால், முனுசாமியையும் வரவழைத்து, அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

கன்னியம்மா வாய் திறக்கவில்லை. அடுத்த அட்டை. அதற்கும் இல்லை. எல்லா அட்டையும் காட்டி முடிந்தது. தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முனுசாமி மகளின் கையைப் பிடித்தார். “பொங்கல் வரிக்கும் டயம் சொன்னீங்களேண்ணா,” என்று அக்கா கும்பிடாத குறையாகக் கேட்டதனால்தான் விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, “முந்தி ஆடுன்னு எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?” என்று மட்டும் கேட்டார்.

“அத்துல ஓரமா எண்ணெக் கறை இருந்துச்சே டீச்சரம்மா. வீடுக்கு மொனை ஒடஞ்சிருக்கும். மழைக்கு செவப்பா ஒரு கோடு. இத்துல எதுவுமே இல்லியே.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதுவிட்டார். “கொழந்த மேல ஒரு தப்பும் இல்ல. மொகத்த காட்றேன்னு சொல்லிகினு நான் சட்டையதான் காட்டிகினு இருந்திருக்கேன்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லை ஒரே அட்டையில் வைத்ததே இல்லை. ஆடு என்பதை என்னை எழுதச் சொல்லுவார், சத்துணவு ஆயாவின் மகளை எழுதச் சொல்லுவார், கரியால் சுவரில் எழுதுவார், ஈர மணலில் எழுதுவார். எந்தக் கை எழுதினாலும், எதில் எழுதினாலும் அடையாளம் தெரிகிறவரை அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். எனக்குப் பொறுமை போய்விடும். “அவசரப்படாதம்மா. அதுவா வரும். வரலன்னா நாம கிட்ட போவலாம்,” என்பார். சாயங்காலங்களில் அவளைக் கூட்டுரோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வந்து நிற்கும் பேருந்துகளின் பலகையைக் காட்டுவார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் முனுசாமி சொன்னபடி வந்தார். அக்கா அட்டையை எடுக்கவே இல்லை. எங்கள் எல்லாரையும் கூட்டுரோட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். முனுசாமி பேருந்துகளைச் சாயத்தை வைத்துத்தான் அடையாளம் பார்ப்பவர். எல்லா ஊர் வண்டியும் திரும்பி நிற்கிற திடலில், ஒரே சாயத்தில் இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவர் முன்னால் நின்றதைக் கைகாட்டி, “இது வாலாஜாபாத்து வண்டிதானே?” என்றார்.

“இல்லப்பா. இது தாம்பரம். பின்னாடி கீதே, அதுதான் வாலாஜாபாத்து.”

நடத்துநர் இறங்கி, “தாம்பரம், தாம்பரம்” என்று கூவினார். முனுசாமி மகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “சரி, இருந்துட்டு போவட்டும்,” என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா ஐந்தாம் வகுப்பு வரை இருந்தாள். சரளமாக வாசிக்க அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. அட்டையில் பழகிய சொற்கள் தெரியும், மற்றதைக் கேட்டுக்கொள்வாள். அரிசி மூட்டைகளில் அச்சடித்த பேரைப் பார்த்துப் பிரித்து அடுக்குகிற வேலைக்கு அது போதுமாக இருந்தது. தனியாக வண்டி பார்த்து ஏறி எனக்குச் சாவுச்செய்தி சொல்ல வரவும் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை அக்காவின் சொந்த ஊரான மணிமங்கலத்தில் அடக்கம் நடந்தது. போதகர் ஜெபம் முடித்து, ஆட்கள் கலைந்த பிறகும் கன்னியம்மா கல்லறை அருகிலேயே நின்றாள். மரச்சிலுவையில் வெள்ளை வண்ணத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள்.

“இன்னா டீச்சர் எழுதிகீது? டீச்சரம்மா பேரா? இத்த எனக்கு அவங்க காட்டவே இல்லியே.”

எத்தனையோ சொற்களை எழுதியவர் தன் பேரை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளவில்லை. “முதல் எழுத்து ஞா…” என்று என் வழக்கப்படி ஆரம்பித்தேன். எழுத்துக்கூட்டச் சொன்னால் வருகிற அந்தப் பழைய பயம் அவள் முகத்தில் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதன் பின்பக்கத்தில் நீல மையால் பெரிதாக எழுதினேன். காட்டினேன். சொன்னேன். மூடினேன். எழுதிப் பார்க்கச் சொன்னபோது அவள் குனிந்து அந்தப் புது மண்ணிலேயே விரலால் எழுதினாள். தப்பாக வந்தது. உள்ளங்கையால் தடவி அழித்தாள். மறுபடி காட்டினேன், மூடினேன். மறுபடி எழுதினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் நான் ஒரு பிள்ளைக்காக அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

பிறகு அவள் நிமிர்ந்து சிலுவையைப் பார்த்தாள். பத்திரிகையில் நீல மை, மண்ணில் விரல் கோடு, மரத்தில் வெள்ளை வண்ணம். சட்டை எல்லாம் வேறு வேறு.

“ஞானப்பூ,” என்றாள் கன்னியம்மா. “இம்மாம் நாளா உங்க பேர் தெரியாமயே இருந்துட்டனே டீச்சரம்மா,” என்று சிலுவையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எழுதிய பத்திரிகையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் அக்காவின் அட்டை ஒன்றுகூட இல்லை. காட்டு, சொல்லு, மூடு, எழுதவிடு என்ற அந்த வழி இருக்கிறது. அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு வராது. இப்போது என் வகுப்பின் கடைசி வரிசையில் புத்தகத்தைத் திறக்கவே பயப்படுகிற ஒரு பெண் இருக்கிறாள். நாளையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் புங்கமரத்தடியில் இருப்பேன், அக்கா.