அவர் சொல்லாமல் விட்ட வசனம்

தொண்ணூறுகளின் நடுவில் என் வலது கண் மங்கியது. பிறகு இடது கால் மரத்தது. கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், மூடிகளைப் பெட்டிக்குள் அடுக்கும்போது கை வழுக்கிக் கொட்டிவிடும். பரிசோதனைகளெல்லாம் முடிந்தபின் நரம்பு மருத்துவர், இது மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்றார். நரம்புகளின் மேலுறை பழுதாகிற நோய், முற்றாகக் குணமாகாது.

வேலை போனது. ஆனால் பார்வைக்கு நான் சுகமாகத்தான் இருந்தேன். பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரி வந்து, "உமக்கென்ன பிள்ளை, வடிவாத்தானே இருக்கிறீர். உதெல்லாம் சும்மா யோசினை," என்பார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுக் குசினிக்குள் நின்று பல்லைக் கடிப்பேன்.

மருத்துவரிடம் போகும்போதெல்லாம் கணவர்தான் மொழிபெயர்ப்பார். ஒரு பனிக்காலக் காலை, மருத்துவர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். நான் கணவரிடம் சொன்னேன்:

"காலமை எழும்பவே மனமில்லை. செத்துப்போனால் என்ன எண்டு ஒவ்வொரு நாளும் வருது. அதைச் சொல்லுங்கோ."

அவர் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இவவுக்குக் கொஞ்சம் களைப்பு என்றார்.

அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். உடம்பெல்லாம் எரிந்தது.

"நோ," என்றேன். "நாட் டயர்ட். ஐ வாண்ட் டு டை."

மருத்துவர் பேனையை வைத்தார். கணவரை வெளியே இருக்கச் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணம், மூளையில் நோய் செய்யும் வேலையாலும் அது வரலாம் என்று மெதுவாக விளக்கினார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒன்றரை வருடமாக என் காலைத் தட்டுகிறவர் ஏன் இதை முன்பே சொல்லவில்லை? தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். நான் முன்பே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், என் பிழைதான் என்றார் மருத்துவர். குளிசையும் எழுதி, மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்.

வெளியே கணவர் ஜக்கெற்றைப் பூட்டியபடி நின்றார்.

"விசர், பைத்தியம் எண்டு எழுதிப்போடுவாங்கள். சனம் அறிஞ்சால் என்ன சொல்லும்?"

"நான் செத்தால் சனம் என்ன சொல்லும்?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"இனி நீங்கள் எனக்காகக் கதைக்க வேண்டாம். நானே கதைக்கிறன்," என்றேன்.

அடுத்த முறை மருத்துவர் ஒழுங்குசெய்த மட்டக்களப்புப் பெண் ஒருவர் மொழிபெயர்க்க வந்தார். நான் மருத்துவரைத் திட்டியதைக்கூட ஒரு சொல் விடாமல் சொன்னார். எனக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

சில மாதங்களில் காலையில் எழும்ப முடிந்தது. கால் மரத்தபடியேதான் இருந்தது. அந்தக் கோடையில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டிருந்த கணவர் என்னைப் பாராமலே, "எனக்குப் பயமா இருந்தது. அதுதான் சொல்லேல்லை," என்றார்.

"எனக்கும்தான் பயம்," என்றேன். "நான் சொன்னனான்."