அண்ணாச்சிக்கு முன்னால் ஏழு பேர்

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீவராகத்தில் என் வீட்டு வாசலில் கேசவன் வந்து நின்றான். சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவன். தலைத்துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தான். "டாக்டரே, நம்முடெ அண்ணாச்சி போயி" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். இருபது வருஷமாகச் சாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியன் கேட்கிற கேள்வியா அது? அவன் அழ ஆரம்பித்தான். நானும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரலிங்கம் பிள்ளை அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்தவர். பஜார் முழுவதற்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். ஆரியசாலையில் நான் டிஸ்பென்சரி திறந்த அன்று, விரல் நசுங்கிய ஒரு சுமைக்காரனைத் தோளில் சாய்த்து முதலில் அழைத்து வந்தவர் அவர்தான். "சாமி, கை ராசி எப்படின்னு பாத்திருவோம்" என்று சிரித்தார். அந்த விரல் பிழைத்தது. அன்று முதல் நாங்கள் சிநேகிதர்கள். அதாவது, தினமும் சண்டை போடுகிறவர்கள்.

பெரிய சண்டை மகமையைப் பற்றி வந்தது. சாலை வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துக் கோயில் காரியம் பார்ப்பார்கள். அதற்குத்தான் மகமை என்று பேர். அண்ணாச்சி ஒரு நாள் வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து, "சாமிக்கு எடுக்கிற மாதிரி சீக்காளிக்கும் எடுப்போம். ஒரு டாக்டரை மாசச் சம்பளத்துக்கு வைப்போம். முதலாளியோ மூட்டை தூக்குறவனோ, வைத்தியத்துக்கு வந்த இடத்திலே யாரும் மடியை அவிழ்க்கப்படாது. நல்லா இருக்கும்போதே எல்லாருமாச் சேர்ந்து குடுத்திருவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பிழைப்பிலேயே கை வைக்கிறாரே! உடனே எழுந்து பொரிந்து தள்ளினேன். "உங்க கடையிலே யாராவது சும்மா அரிசி அளக்கிறாளா? நாலு டாக்டர் போட்டி போட்டாத்தான் நல்ல டாக்டர் எவன்னு தெரியும். சம்பளத்துக்கு உட்கார்ந்தவன் கடியாரத்தைப் பார்ப்பான், நாக்கைப் பார்க்க மாட்டான். ஒருத்தன் காய்ச்சலுக்கு ஊரெல்லாம் எதுக்கு அழணும்?"

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "அரிசிக்குன்னா நாலு கடை ஏறி இறங்கி விலை கேக்கலாம் சாமி. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஏறி இறங்க முடியுமா?"

ஆனாலும் எல்லோரும் எனக்குத்தான் கை தட்டினார்கள். பேச்சு அதோடு விழுந்தது. நான் ஜயித்த மகிழ்ச்சியில் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

என் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம் உண்டு. பீஸைக் கம்பவுண்டரின் தட்டில் வைத்தவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காருவார்கள். வைக்க முடியாதவர்கள் வெளியே வராந்தாவில். பெஞ்சு காலியானதும் அவர்களையும் பார்த்துவிடுவேன். ஒருவரையும் விரட்டியதில்லை என்று எனக்குக் கொள்ளைப் பெருமை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? இருமலோ கால் வலியோ, வந்தால் தட்டில் பீஸை வைப்பார். வராந்தாவில் போய் உட்காருவார். "காசுதான் வச்சாச்சே, உள்ளே வாங்கோ" என்று கத்துவேன். "எனக்கு முன்னால ஆறு பேர் இருக்காங்கல்லா" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். மூன்று வருஷம் இப்படியே நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையிலும் வந்தார். அதற்கு முந்தின வாரந்தான் மகமைப் பேச்சை மறுபடி கிளப்பியிருந்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை. "பிள்ளைவாள் வெளியே குனிஞ்சு உட்கார்ந்திருக்கார், முகம் நன்னா இல்லே" என்று கம்பவுண்டர் வந்து சொன்னார். "இருக்கட்டும். இன்னைக்கு நானும் பிடிவாதம் பிடிக்கிறேன். அவர் முறை வரட்டும்" என்றேன். வாயில் வந்த வார்த்தை இதுதான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பெஞ்சில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு ஜலதோஷம். அவரோடு யுத்தச் செய்தி பேசிக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் காத்திருந்த கேசவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்திய பிறகுதான் வெளியே போனேன். தன் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் கெஞ்சினானாம், அண்ணாச்சி வேண்டாமென்று தலையாட்டிவிட்டாராம். வயிற்றைத் தொட்டேன். பலகையாக இருந்தது. குடல்வால் உள்ளே வெடித்துவிட்டது. ஜட்காவில் போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கே சர்ஜன் தம்மாலானதையெல்லாம் செய்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அந்த இரண்டு மணி நேரமும் அண்ணாச்சி என் கதவுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருந்தார்.

வியாழக்கிழமை சற்றே நினைவு தெளிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுங்கோ அண்ணாச்சி" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எனக்கு முன்னால ஏழு பேர் இருந்தாங்களே சாமி, பாத்தாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். பொய். அன்றைக்கு அவரை ஜட்காவில் ஏற்றியதும் டிஸ்பென்சரியைப் பூட்டச் சொல்லிவிட்டேன். ஏழு பேரும் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அவர் "சந்தோஷம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசவில்லை.

மகமையில் டாக்டர் வைத்தால் நடக்குமா, நடக்காதா? எனக்கு இன்னும் சந்தேகங்கள் உண்டு. இருந்தால் இன்றைக்கும் அவரோடு மல்லுக்கு நிற்பேன். ஆனால் உள்ளே பெஞ்சு, வெளியே வராந்தா என்று பிரித்தவன் நான். அதில் என் சிநேகிதரைப் பறிகொடுத்தவனும் நானே. பெஞ்சைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டேன். இனி வந்த வரிசைதான். வியாபாரிகளின் அடுத்த கூட்டத்தில் மகமைப் பேச்சை நானே எடுக்கப் போகிறேன்.

தகனம் முடிந்த மறுநாள் கேசவனைக் கூட்டிக்கொண்டு அந்த ஏழு பேரையும் தேடிப் போனேன். கேசவனே ஒருவன், அவனை நடுத்தெருவில் நிறுத்தித் தோள் வீக்கத்தைப் பார்த்தேன். நேற்று மாலை கரமனை ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் ஏழாவது ஆள், ஒரு கைக்குழந்தைக்காரி, கிடைத்தாள்.

எல்லாரையும் பார்த்தாச்சு, அண்ணாச்சி. இந்தத் தடவை பொய் இல்லை. அடுத்தது உங்கள் முறைதான். உள்ளே வாங்கோ.