அத்தைக்குப் போட்ட இலை

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் ஜெபம் செய்யச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண்கள் கூட்டத்தில், கர்த்தருடைய இரக்கத்தைப் பற்றி ஆளுக்கொரு சாட்சி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நோய் சுகமானதை எழுதுவார்கள். எனக்கு நினைவில் வருவதோ வெட்கக்கேடான ஒன்று. அதிலும் பாதி மறந்துபோயிற்று.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அப்பாவின் தங்கை, என் அத்தை, அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவரோடு வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பையோடு தனியாகத் திரும்பி வந்தாள். அப்பா அவளை வீட்டில் சேர்த்துக்கொண்டார், பேசத்தான் இல்லை. சபையில் அவளுக்கு நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. எல்லாரும் பீடத்தண்டை போய் முழங்கால்படியிடும்போது அத்தை மட்டும் கடைசித் தூணருகே குனிந்து உட்கார்ந்திருப்பாள். நான் அவளைத் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு பண்டிகை ஞாயிறன்று அவளைச் சபையில் திரும்பச் சேர்த்தார்கள். குருவானவர் அழைக்க, அத்தை சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. அழுதது மட்டும் கேட்டது. அவர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். சபை முழுதும் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன், சத்தமாகவே.

அன்று மத்தியானம் கோயில் வளாகத்தில் அசனம். சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஓலைப்பாயில் மலை மாதிரி சோறு, அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு. அம்மாவுக்குச் சமையல் பக்கம் வேலை.

"ஏட்டி, ரெண்டு எடம் புடிச்சு வை. ஒனக்கு, அத்தைக்கு. நான் வேலைய முடிச்சிட்டு சாப்பிட்டுக்கிடுதேன். அத்தைய பக்கத்துல உக்கார வச்சுக்க, என்ன?"

பிடித்து வைத்தேன். இலையும் போட்டுவிட்டார்கள். எனக்கு அடுத்து என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்.

"ஏட்டி, அது யாருக்கு எலை?"

"அத்தைக்கு."

"ஓடிப்போனாள்லா, அந்த அத்தைக்கா? அவ இங்கன இருந்தா நாங்க எந்திச்சு அங்கன போயிருவோம்."

"ஒன்னையும் கூட்டிட்டு ஓடிருவாட்டி, பாத்துக்க," என்று மற்றவள் சிரித்தாள்.

அத்தை வந்தாள். காலையில் அழுத முகத்தைக் கழுவிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. உட்காரக் குனிந்தாள். நான் இலைமேல் கையை வைத்தேன்.

"ஆள் வருது," என்றேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதுபோல. அத்தை என்றுகூடக் கூப்பிடவில்லை.

குனிந்தபடியே ஒரு கணம் நின்றாள். "சரிம்மா," என்றாள். வந்த வழியே திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள்.

சோறு பரிமாறி வந்த அண்ணாச்சி, "இது யாருக்கு பிள்ளே?" என்று கேட்டார். அவரிடமும் ஆள் வருது என்றேன். நம்பி, சோற்றைக் குவித்துக் குழம்பும் ஊற்றிவிட்டுப் போனார். பக்கத்தில் அந்த இலை ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நன்றாகவே இறங்கியது. இரண்டாம் தடவை கறியும் கேட்டு வாங்கினேன்.

பந்தி முடிகிற நேரத்தில் அம்மா வந்தாள். "அத்தை எங்கட்டி?"

"தெரியலம்மா."

அசனச் சோறு வீணாகக் கூடாதென்று அம்மா அதை ஒரு தூக்குச்சட்டியில் அள்ளி என் கையில் தந்தாள். வீட்டுக்கு நடக்கையில் வாய்க்கால் கரை நெடுக அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. கர்த்தர் பார்த்திருப்பாரே என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. அத்தை சொல்லிவிட்டால் அப்பா கம்பை எடுப்பாரே என்ற பயம்தான்.

அத்தை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, எங்க போன? பிள்ள எலை போட்டு வச்சிருந்தாளே!" என்றாள் அம்மா.

அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஆமா மதினி, எடம் புடிச்சுத்தான் வச்சிருந்தா. எனக்குத்தான் தலைய சுத்திட்டு வந்துச்சு. பைய நடந்து வந்துட்டேன்."

கையைக் கழுவிவிட்டுத் தூக்கைத் திறந்தாள். நல்ல பசி அவளுக்கு. ஆனாலும் முதல் உருண்டையைப் பிசைந்து என் பக்கம் நீட்டினாள். "வாட்டி, ஒரு வாய் வாங்கிக்க."

வயிறு நிறைந்திருந்தும் வாயைத் திறந்தேன்.

மன்னிப்பு என்றால் பீடத்துக்கு முன்னால் நின்று அழ வேண்டும், குருவானவர் கை வைக்க வேண்டும், சபை ஆமென் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலையில் அப்படித்தானே பார்த்தேன். அதனால் அந்த ஒரு வாய்ச் சோற்றில் எனக்குக் கிடைத்தது என்னவென்று தெரியவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு சாகும்வரை அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வழிதப்பிப் போனவள் என்று ஊர் அவளைத்தான் சொல்லிற்று. அவள் இரண்டு வருஷத்தில் திரும்பிவிட்டாள். நான் இப்போதுதான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் அசனத்துக்கு மேசை நாற்காலி போடுகிறார்கள். "இங்க ஆள் இருக்கா?" என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு முகம் சுண்டிப்போகும்.

அது அறுப்பின் பண்டிகையா பிரதிஷ்டைப் பண்டிகையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. குருவானவர் தலையில் கை வைத்தாரா, கையை உயர்த்தி மட்டும் ஜெபித்தாரா என்பதும் சந்தேகம். என்னைவிட மூத்தவர்கள் சபையில் யாராவது இருந்தால் கேட்டுத் திருத்திப் போடுங்கள். நான் "ஆள் வருது" என்று சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.