மேசைக்கு ஒருவர்

நேற்று மருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். பத்துப் பட்டை மாத்திரை கேட்டிருந்தேன், ஒன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணும்போது புது அட்டையின் பசை வாசனை மூக்கில் ஏறியது. உடனே பனியன் கம்பெனியின் பேக்கிங் கூடம் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே அந்தக் கல்லூரியும். எண்ணிக்கையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது அடிக்கடி நடப்பதில்லை.

பேக்கிங்கில் எனக்கு இருபத்தாறு வருடம். ஒரு பெட்டிக்குள் ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதே கணக்கு இருக்க வேண்டும். இதை அசார்ட்டட் பேக்கிங் என்போம். ஓய்வு பெற்ற பிறகு பின்னலாடைக் கல்லூரி ஒன்றில் அதையே பாடமாக நடத்தினேன்.

ஒரு வருடம் நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். நம் பிள்ளைகள் நாற்பது, வெளிநாட்டுப் பிள்ளைகள் எட்டு. அந்த எட்டில் இரண்டு பேர் எத்தியோப்பியப் பெண்கள், அல்மாஸும் ஹிருத்தும். ஒரே ஊர்க்காரர்கள். அல்மாஸுக்கு ஆங்கிலம் வரும், ஹிருத்துக்கு அவ்வளவாக வராது. கேன்டீனில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருத்தி உருட்டிய கவளத்தை மற்றவள் வாயில் வைப்பாள். அவர்கள் நாட்டு வழக்கமாம். ஹிருத் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பது தூரத்திலிருந்தே தெரியும்.

"ஏனுங்க, வெளிநாட்டுப் பிள்ளைங்க ஒரு மூலையில, நம்ம பசங்க ஒரு மூலையில உக்காந்திருக்காங்க. ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்றார் முதல்வர்.

பண்ணினேன். பெட்டி அட்டையை வெட்டி நாற்பத்தெட்டுச் சீட்டுகள் செய்தேன். விசைத்தறி, தென்னை, உடுமலைப் பக்கத்துக் காற்றாலை, திருமுருகன்பூண்டிக் கல்யானை என்று எட்டுப் படங்கள், படத்துக்கு ஆறு சீட்டு. என் கையாலேயே வரைந்தேன்.

"சார், எரும டீமுக்கு எந்த மேசைங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"யானை, கண்ணு."

"அப்பத் தும்பிக்கைய எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

சிரித்தார்கள். நானும்தான். ஒரே படம் எடுத்தவர்கள் ஒரு குழு, வேலையும் சாப்பாடும் ஒரே மேசையில். வெளிநாட்டவருக்கு மட்டும் தனிப் பெட்டி வைத்தேன், அதில் படத்துக்கு ஒரு சீட்டு. மேசைக்கு ஐந்து உள்ளூர், ஒரு வெளிநாடு. மீதமே விழவில்லை. முதல்வர் கைகொடுத்தார். பெண்கள் விடுதிக் காப்பாளர் என் பட்டியலை வாங்கிப்போய் அறைகளையும் அப்படியே பிரித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அல்மாஸுக்கு விசைத்தறி மேசை. மூன்றே மாதத்தில் 'ஆமாங்க, இல்லீங்க' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். ஹிருத்துக்குக் காற்றாலை. அந்த மேசைப் பிள்ளைகள் நல்லவர்கள். தங்கள் பொரியலை அவள் தட்டில் வைத்து, "குட்டா?" என்பார்கள். அவளும் "குட்" என்பாள். மற்ற நேரமெல்லாம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் செல்வி, அல்மாஸின் மேசைக்காரி. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"சார், அந்த ஹிருத் பிள்ள ஒழுங்கா சாப்பிடவே மாட்டேங்கு. அவ எங்க மேசைக்கு வரட்டும், நா அங்க போறேன்."

"அப்புறம் ஒரு மேசையில ரெண்டு, ஒரு மேசையில ஒண்ணுமில்லாம ஆயிரும்மா."

"அப்பிடி ஆனா என்ன சார்?"

முடியாது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம் பட்டியலோடு மேசைகளைச் சுற்றி வந்தேன். காற்றாலையில் ஆறு பேரும் உள்ளூர், செல்வி நடுவில் உட்கார்ந்திருந்தாள். விசைத்தறியில் அல்மாஸ் ஒரு கவளத்தை உருட்டி ஹிருத்தின் வாயருகே நீட்டியிருந்தாள். ஹிருத் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டைக் காட்டுங்க" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஹிருத் சீட்டை எடுத்துப் பார்த்தாள், எழுந்தாள், தன் மேசைக்கு நடந்து போனாள். நான் பட்டியலில் குறி போட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து நாற்பத்தேழு பேர் வந்தார்கள்.

"ஹிருத் ஊருக்குப் போயிட்டாங்க சார்," என்றாள் அல்மாஸ். "இங்க யாரும் கெட்டவங்க இல்லீங்க. பேசத்தான் ஆள் இல்லீங்க."

"இனிமே நீ எந்த மேசையில வேணாலும் உக்காரு, சாமி" என்றேன்.

"யாரோடங்க சார்?" என்று கேட்டுவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் அவர்கள் நாட்டிலிருந்து ஒருவரும் சேரவில்லை. பிறகு எந்த நாட்டிலிருந்தும் இல்லை. கல்லூரியும் நொடித்துப் போயிற்று. மேசைகள் இருந்த கூடத்தில் இப்போது நூல் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். ஹிருத்தின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குரலைத்தான் எவ்வளவு முயன்றும் பிடிக்க முடியவில்லை. என் காதில் விழும்படி அவள் பேசியது அந்த ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான்.