கிளட்சுக்குப் போன தக்கை

என் தாய்மாமனிடம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது. சிலோனுக்குக் கப்பலேறிய யாரிடமோ வாங்கிய பழசு. அது ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் அதன் கிளட்ச் எங்கள் வீட்டு முறத்தில் கழன்று கிடக்கும். அரிசி புடைக்க முறம் கேட்டு அம்மா கத்தாத காலை கிடையாது.

எனக்கு அப்போது பதினோரு வயது. ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, மற்ற நாளிலும் முதல் பஸ்ஸே ஒன்பதுக்குத்தான். ஆக, என் படிப்பு மாமாவின் கிளட்சை நம்பி நின்றது.

சனிக்கிழமை வண்டியை முறுக்கினார். சத்தம் பாம்பன் வரை கேட்டிருக்கும், சக்கரம் அசையவில்லை. பிரித்தால், கிளட்ச் தட்டுகளில் பதித்திருந்த தக்கைத் துண்டுகள் தேய்ந்து கருகியிருந்தன.

"தக்கை பிடிச்சாத்தான ஆத்தா சக்கரம் சுத்தும்? மதுரையில இருந்துல்ல வரணும்" என்றார் சாவகாசமாக.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. முறத்தை எட்டி உதைத்தேன். ஸ்பிரிங்குகள் மணலில் சிதறின. அவற்றைப் பொறுக்கியெடுக்கவே பொழுது சாய்ந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால், மாமா மீன்வலை மிதக்கக் கட்டும் தக்கைகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, பிளேடால் வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடித்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது. தக்கை ஏது என்று நான் கேட்கவில்லை.

திங்கள் விடியலில் வீடு இரண்டுபட்டது. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; வலை அவருக்கும் அவர் அண்ணனான பெரியப்பாவுக்கும் பொது. பொட்டப்பிள்ளையை வெளியூரில் படிக்கவைக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் பெரியப்பா. அய்யா, பெரியப்பா வீட்டுப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு மாமாவைத் திட்டினார்.

"ஏலே, தொழில் வலையில கை வைப்பியா? இன்னைக்கு எப்படிக் கடலுக்குப் போறது? இனி இங்கன கால் வைக்காத!"

சொல்லுக்குச் சொல் எதிர்ப்பேச்சுப் பேசும் மாமா, அன்றைக்குக் குனிந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்துத் தக்கைக்கு இத்தனை கூப்பாடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அய்யாவிடம் போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். கருகல் வாடையோடு பள்ளி வாசல் வரை போன வண்டி, அங்கேயே நின்றுவிட்டது. நான் உள்ளே ஓடவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

கிளம்பும்போது மணலில் கிடந்த வலையைப் பார்த்திருந்தேன். தக்கை போன இடத்தில் கயிறு எங்கும் அறுபடவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றும் பதமாக அவிழ்க்கப்பட்டிருந்தன. மாமாவாக இருந்தால் பிளேடை வைத்திருப்பார். அவருக்கு வலைமுடிச்சு போடவும் தெரியாது, அவிழ்க்கவும் தெரியாது. அப்படி அவிழ்க்கிற கை எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, வலை கட்டும் அய்யாவின் கை. கண்ணால் பார்த்தும் அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்து, அன்றைய திட்டுக்காக அய்யாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அவரும் ஏனென்று கேட்கவில்லை.