சட்டையில் கத்தும் மீட்டர்

டவர் ஏறுகிற வேலைக்குப் போகிறவனிடம் வீட்டில் எல்லாரும் "விழுந்துடாதே" என்று சொல்லி அனுப்புவார்கள். "வெந்துடாதே" என்று ஒருவரும் சொன்னதில்லை.

கோயமுத்தூருக்குப் பேஜர் வந்த புதிது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மொட்டை மாடியிலும் டவரிலும் ஏரியல் மாட்டுவது, பழுது பார்ப்பது எங்கள் வேலை. வீட்டு டிவிக்குப் படம் இழுக்கிற ஏரியல் இல்லை இது. ஊர் முழுக்கச் செய்தியை அனுப்புகிற பெரிய குழாய். கரண்ட் ஓடும்போது அதை ஒட்டி நின்றால் உடம்பு உள்ளுக்குள் சூடாகும். நெருப்பு தெரியாது, புகை வராது. இப்படி உயரத்தில் நின்று வேலை பார்த்து, கீழே நிற்பவரிடம் "சும்மா பயப்படாதே" என்று பேச்சு வாங்கிய அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பீரோவில் இருந்த பெட்டி

என்னோடு ஏறுபவர் ஆரோக்கியசாமி அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் பீளமேட்டில் ஒரு மாடியில், ஓடிக்கொண்டிருந்த ஏரியலை ஒட்டி நின்று அரை மணி நேரம் கிளாம்ப் முறுக்கினார். இறங்கி வந்தபோது முகமும் கழுத்தும் சுண்ணாம்புக் காளவாய் முன்னால் நின்றவருக்குப் போலச் சிவந்திருந்தன. கண்ணெல்லாம் எரிகிறது என்றார். மறுநாள் மேனேஜர் சபாபதியிடம் போய்ச் சொன்னோம். "வெயில்ல நின்னா சூடு அடிக்காம குளிரா அடிக்கும்?" என்றார். "சாயங்காலம் ஆறு மணிக்குங்களா?" என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டோர் கீப்பர் கனகராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஏரியலுக்குப் பவர் கொடுக்கிற மெஷின் வந்தபோது கூடவே இரண்டு சின்ன மீட்டர்களும் வந்தனவாம். சோப்பு டப்பா அளவு. சட்டையில், நெஞ்சுக்கு மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். ஏரியல் விடுகிற அலை ஆபத்தான அளவை நெருங்கினால் விளக்கு எரியும்; அளவைத் தாண்டினால் கத்தும். மேனேஜர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார், பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக. நான் அவர் மேஜை முன்னால் போய், "அதைக் குடுக்கற வரைக்கும் நான் டவர் ஏற பெல்ட் மாட்ட மாட்டேனுங்க" என்று நின்றேன். காலையில் நின்றவன் மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நாலு மணிக்கு இரண்டையும் மேஜை மேல் போட்டார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கனகராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவர்கூடப் பிரிக்கலீங்க தம்பி. இந்தக் கம்பெனில இத்தன நாளு பத்திரமா இருந்தது இது ரெண்டு மட்டுந்தானுங்க."

பின்னால் இருந்தது

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடி. எங்கள் ஏரியலை அணைக்கச் சொல்லிவிட்டு வேலை ஆரம்பித்தேன். மீட்டர் மூச்சு விடவில்லை. ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன் பாருங்கள், ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. எனக்கு நாலு அடி பின்னால் வேறொரு கம்பெனியின் ஏரியல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பே அகராதியை வைத்துக்கொண்டு மீட்டரின் புத்தகத்தைப் படித்தபோது ஒரு வரி வந்தது: உடம்பே அலையை மறைக்கும், முதுகுக்குப் பின்னால் இருப்பது நெஞ்சில் இருக்கும் மீட்டருக்குச் சரியாகத் தெரியாது. படித்தேன், நம்பவில்லை. அன்றிலிருந்து எந்த மாடிக்குப் போனாலும் முதலில் நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன்.

அன்றைக்கு அது கத்தியதும் வேர்த்து விறுவிறுத்துக் கீழே ஓடி வந்தேன். லாட்ஜ் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "ஏனுங்க தம்பி, மாடில பேஜர் அந்தக் கத்து கத்துச்சு, எடுத்துப் பாக்காமயே ஓடி வாரீங்க? ஊட்ல என்னமோ அவசரம் போலிருக்குது, இந்தாங்க, போன் பண்ணுங்க மொதல்ல."

கொப்பரை மாடி

பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரியின் குடோன் மேல் எங்கள் ஏரியல் இருந்தது. கம்பம் வந்து சேரவில்லை என்று, அப்போதைக்கு ஆள் உயரக் குழாயில் மாட்டி ஓட விட்டிருந்தோம். மாட்டியவன் நானேதான், மீட்டர் கைக்கு வருவதற்கு முந்தைய மாசம். மறுபடி போனபோது அந்த மாடியில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நாலு பெண்கள் ஏரியலைச் சுற்றிக் குனிந்து குனிந்து புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியேறி அவர்கள் பக்கம் போனதும் என் சட்டை கத்தியது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "எல்லாரும் அத விட்டு இக்கட்டால வாங்க, சீக்கிரம்" என்று கூப்பிட்டேன்.

வியாபாரி மேலே வந்தார். வெயில் போவதற்குள் சரக்கைப் புரட்ட வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் கீழே போய் மெஷினை அணைத்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் போனில் கூப்பிட்டு என் பரம்பரையையே விசாரித்தார். "கம்பத்த அனுப்புங்க, போடறேன்" என்று வைத்துவிட்டேன். கம்பம் மறுநாளே லாரியில் வந்தது! இருபது அடி உயரத்தில் ஏரியலை ஏற்றி, மெஷினைப் போட்டு, மாடியில் மூலைக்கு மூலை நடந்து பார்த்தேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. நன்றி சொல்வார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், மறைப்பானேன். அந்தப் பெண்களில் ரங்காத்தாள் என்பவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க சாமி, உங்களுக்குன்னா சட்டையில கத்துது. போன மாசம் பூரா நாங்க இங்கதான இருந்தோம், எங்களுக்கு எது கத்துச்சு?"

மேஜை மேல் இரண்டு பெல்ட்

பொள்ளாச்சிக் கதைக்குப் பிறகு மேனேஜர் சபாபதி என்னையும் ஆரோக்கியசாமி அண்ணனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். என் மீட்டரை வாங்கி மேஜையில் வைத்து, தன் வாக்கி-டாக்கியை அதை ஒட்டிப் பிடித்துப் பொத்தானை அமுக்கினார். மீட்டர் அலறியது. "பாத்தீங்களா? எதுக்கெடுத்தாலும் கத்துது. இது ரிப்பேர்." நான், "வாக்கி-டாக்கியும் அதே அலையத்தானுங்க விடுது. இதுக்குக் கத்தலீன்னாத்தானுங்க ரிப்பேர்" என்றேன். அவர் முகம் மாறியது. நாளைக்கு உடுமலைப்பேட்டை டவரில் மேல் ஏரியலை ஒட்டியிருக்கும் கேபிளை மாற்ற வேண்டும், ஒரு நிமிஷம்கூடப் பவரை அணைக்கக் கூடாது, இது பேஜர் கம்பெனிப் பார்ட்டியின் உத்தரவு என்றார்.

என் பெல்ட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். மீட்டரை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டேன். "அப்ப நாளைல இருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் மேனேஜர். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாசம். அப்போது ஆரோக்கியசாமி அண்ணன், அதுவரை எந்த மேனேஜரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர், தன் பெல்ட்டை நிதானமாக அவிழ்த்து என் பெல்ட்டின் மேல் வைத்தார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. "எங்கப்பன் அடுத்தவங்க காட்டுல கூலி வேலைக்குப் போயி, சொன்னதுக்கெல்லாம் சரீங்க சரீங்கன்னே காலத்த ஓட்டிப்போட்டாருங்க. நானும் ஓட்டிப்போட்டனுங்க. இதுக்குச் சரீங்க சொல்ல மாட்டனுங்க."

கொடுமுடிக்காரர்

வேலை போன மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறி உடுமலைக்கே போனோம். என்ன செய்யப் போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. டவர் அடியில் மேனேஜர் நின்றிருந்தார். கூடவே எங்களுக்குப் பதில் கேபிள் மாற்றக் கொடுமுடியிலிருந்து கூட்டி வந்த பழனிச்சாமி. டவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், ஏறுவதில் குரங்கு தோற்றுப்போகும். "ஏற வேண்டாம்னு சொல்லலீங்க, இத மாட்டிக்கிட்டு ஏறுங்க" என்று என் மீட்டரைக் கழற்றி அவர் சட்டையில் மாட்டினேன். "அது ரிப்பேர்" என்றார் மேனேஜர். "ரிப்பேர்னா மாட்டிக்கறதுல என்னங்க நட்டம்?" என்று கேட்டுவிட்டுப் பழனிச்சாமி ஏறினார்.

மேல் ஏரியலை நெருங்கியதும் சத்தம் கீழே எங்களுக்கே லேசாகக் கேட்டது. மனிதர் உடனே இறங்கிவிடவில்லை. இரண்டு படி இறங்கினார், சத்தம் நின்றது. இரண்டு படி ஏறினார், கத்தியது. மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கி வந்து மீட்டரைக் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா இது என்ன சொல்லுதுன்னு ரெண்டு படியிலயே புரிஞ்சுபோச்சுங்க. மீதிய நீங்க ஏறிக் கேட்டுக்குங்க."

கன்ட்ரோல் ரூம் வசந்தி

இனி ஏற ஆள் இல்லை. மேனேஜர் எதிர்ப்பக்க எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார், நாங்களும் பின்னாலேயே போனோம். உடுமலை டவரின் பவரை அணைப்பது பார்ட்டியின் கோயமுத்தூர் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் வசந்தி கையில். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். மேனேஜர் பத்து நிமிஷம் அணைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். "ஏறப்போறது யாருன்னு கேக்குது அந்தப் பொண்ணு."

வேலையை விட்டு நிறுத்தினவரே என்னிடம் போனைக் கொடுத்திருக்கிறார். "நானும் ஆரோக்கியசாமி அண்ணனுமுங்க" என்றேன். மேனேஜர் மறுக்கவில்லை. காரிலிருந்து எங்கள் பெல்ட்டுகளை எடுத்து வரச் சொல்லி, மீட்டரையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு நேரம் வேண்டும் என்று வசந்தி கேட்டார். தெரியாது, முடியும்போதுதான் தெரியும் என்றேன். ஏதோ சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. "ஆஃப் பண்ணிட்டேனுங்க. நீங்க எறங்கி வந்து, உங்க வாயால சொன்னாத்தான் திருப்பிப் போடுவேன். நடுவுல அந்த சாரு பேசினாலும் சரி, எங்க ஜெனரல் மேனேஜரே பேசினாலும் சரி, எனக்குக் காது கேக்காது."

அப்புறம் ஏழு வருஷம் அந்த மீட்டரை மாட்டிக்கொண்டு ஏறினேன். அது பொய் சொல்கிறது என்று சத்தியம் செய்தவர்கள் பல பேர், அவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லும்போது தரையை விட்டு ஓரடி மேலே இருந்ததில்லை.